வாகனப் பக்கம்: தறியில் பிறந்த கார் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தந்தை விட்டுச்சென்ற பழைய டொயோட்டா குவாலிஸை விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று ஹலசூர் வாசகர் ஒருவர் கேட்டிருப்பதாகவும், அதற்கு இந்த இதழில் பதில் எழுதுவதாகவும் சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்த பெங்களூர் வாசகர்கள் பலர் தத்தம் டொயோட்டா வண்டிகளைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டார்கள். சிலர் வரலாறு கேட்கிறார்கள், சிலர் விலையும் மைலேஜும் கேட்கிறார்கள், ஒருவர் கோபமாகவும் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரு நிறுவனத்துக்கே ஒதுக்குகிறேன். ஹலசூர் வாசகரின் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டொயோட்டா நிறுவனம் முதலில் தறி செய்துகொண்டிருந்தது என்று என் பேரன் சொல்கிறான். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் நான் என்பதால் ஆவல் அதிகமாகிவிட்டது. இது உண்மைதானா? மேலும், அந்தப் பெயர் டொயோடாவா, டொயோட்டாவா?
– காட்டன்பேட்டை வாசகர்

பதில்: பேரன் சொன்னது முழுக்க உண்மை, ஐயா. இந்தக் குடும்பத்தின் மூலவரான சாகிச்சி டொயோடா, 1867-இல், இன்றைய ஷிசுவோகா மாகாணத்தில் உள்ள கொசாய் பகுதியில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். 1891-இல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியைத் தவிர வேறு நினைப்பில்லாமல் உழைத்து, 1924-இல் மகன் கீச்சிரோவின் துணையுடன் 'ஜி' வகைத் தானியங்கித் தறியை உருவாக்கி முடித்தார். நெசவு தெரிந்த உங்களுக்கு அதன் அருமை உடனே புரியும். குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் ஓடத்தில் நூல் தீரும்போது தறி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அடுத்த ஓடம் தானாக மாறிக்கொள்ளும். நீளவாக்கு நூலான பாவில் ஓர் இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அறுந்த இழையோடு கெஜக்கணக்கில் பழுதான துணி சேர்வதில்லை; தறிக்கு ஓர் ஆள் என்று காவல் நிற்கவும் வேண்டியதில்லை. 'இழை அறுந்தால் தறி நிற்க வேண்டும்' என்ற இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கார் ஆலையைப் பற்றிப் பேசும்போது இதே விதி திரும்பவும் வரும்.

1929-இல், இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இந்தத் தறியின் உரிமைக்கு ஒரு லட்சம் பவுண்டு என்று ஒப்பந்தம் செய்தது. உலகெங்கும் பஞ்சாலைகளுக்கு இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ஓல்டாமின் லங்காஷயர் மாவட்டம், ஜப்பானியத் தச்சர் மகன் ஒருவரின் தறிக்கு விலை பேசியது என்பதே அக்காலத்தில் பெரிய செய்தி. சாகிச்சி 1930-இல் காலமானார். கீச்சிரோவுக்கோ காரின்மேல்தான் மனம் இருந்தது. 1933-இல் தறி ஆலைக்குள்ளேயே கார்ப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, அமெரிக்க செவ்ரலே காரைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமாகக் கற்றார்கள். 1935-இல் முதல் மாதிரிக் காரும் ஜி-1 என்ற லாரியும், 1936-இல் ஏஏ என்ற காரும் வெளிவந்தன. முதல் லாரிகள் வழியில் அடிக்கடி நின்றுபோயின. ஆலையின் ஆட்களே நின்ற இடத்துக்குச் சென்று பழுது பார்த்தார்கள். 1937 ஆகஸ்ட் 28 அன்று டொயோட்டா மோட்டார் தனி நிறுவனமாகப் பதிவாயிற்று.

இனிப் பெயருக்கு வருவோம். குடும்பப் பெயர் டொயோடா. செழிப்பான நெல்வயல் என்பது அதன் பொருள். 1936-இல் சின்னம் ஒன்றுக்காகப் பொதுமக்களிடையே போட்டி வைத்தபோது, பெயரை டொயோட்டா என்று மாற்றிக்கொண்டார்கள். ஜப்பானிய கதகானா எழுத்தில் 'டா' என்ற மெல்லோசைக்கு எழுத்தின் மேல் இரண்டு சிறு கோடுகள் இட வேண்டும்; அவற்றை நீக்கிவிட்டால் வல்லோசை ஆகிவிடும், பெயரும் எட்டே கோடுகளில் முடியும். எட்டு அவர்களுக்கு நல்ல எண். நம் தமிழில் இதே வேறுபாட்டை ஒரு 'ட்' செய்துவிடுகிறது என்பதை எண்ணி மகிழ்ந்தேன்: டொயோடா என்றால் குடும்பம், டொயோட்டா என்றால் கார். கீச்சிரோவின் ஆலை இருந்த கொரோமோ நகரமும் 1959-இல் டொயோட்டா நகரம் என்று பெயர் மாறிவிட்டது.

கேள்வி: நான் பொதுத்துறை இயந்திர ஆலையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆலையிலும் 'ஜப்பானிய முறை' என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டினார்கள், ஒன்றும் மாறவில்லை. டொயோட்டாவில் மட்டும் அது எப்படி வேலை செய்கிறது?
– ஜாலஹள்ளி வாசகர்

பதில்: சுவரில் எழுதி ஒட்டியதாலேயே மாறவில்லை என்று நினைக்கிறேன். டொயோட்டாவில் அந்த முறை பிறந்தது தட்டுப்பாட்டிலிருந்து. போருக்குப் பிந்தைய ஜப்பானில் கையில் பணமில்லை, கார் வாங்க ஆளில்லை. 1950-இல் நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்து, ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நடந்து, அதற்குப் பொறுப்பேற்றுக் கீச்சிரோ தலைமைப் பதவியிலிருந்து விலகினார். அதே ஜூன் மாதத்தில் கொரியப் போர் மூண்டதால் அமெரிக்கப் படைக்கு லாரிகள் தேவைப்பட்டு நிறுவனம் பிழைத்தது. மீண்டும் தலைமைக்கு அழைக்கப்பட்டிருந்த கீச்சிரோ, அந்த நாற்காலியில் அமராமலே 1952 மார்ச்சில் காலமானார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இதுதான்.

அந்த 1950-இல்தான் அவருடைய உறவினர் எய்ஜி டொயோடா அமெரிக்கா சென்று ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் ஆலையைப் பார்த்தார். அங்கே நடந்ததை அப்படியே செய்ய இவர்களிடம் பணமும் இல்லை, அத்தனை பெரிய சந்தையும் இல்லை. ஒரே அச்சில் வாரக்கணக்கில் ஒரே பாகத்தை அடித்துக் கிடங்கில் அடுக்குவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நூற்பாலையிலிருந்து கார் ஆலைக்கு மாறி வந்திருந்த தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் இதைத் தலைகீழாகச் சிந்தித்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த பொருளைத்தானே மறுபடி அலமாரியில் வைக்கிறார்கள். அதுபோலவே அடுத்த கட்டத்தில் இருப்பவர் எடுத்த அளவுக்கு மட்டும் முந்தைய கட்டத்தில் இருப்பவர் செய்தால் போதும் என்றார். எத்தனை எடுக்கப்பட்டன என்று தெரிவிக்கும் அட்டைக்குத்தான் கான்பன் என்று பெயர். நம் மளிகைக் கடையில் டப்பா காலியானதும் சீட்டெழுதி வைப்பதைப் போன்றதுதான்.

இரண்டாவது தூண் சாகிச்சியின் தறியிலிருந்து வந்தது. வரிசையில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியும் ஒரு குறையைக் கண்டால் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் வருவார், அங்கேயே தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும். பிறகு 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பார் ஓனோ. ஃப்யூஸ் போயிற்று, ஏன்? சுமை கூடிற்று. ஏன் கூடிற்று? தாங்கியில் எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? பம்பு சரியாக ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை? அதன் அச்சு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமல் இரும்புத்தூள் புகுந்தது. ஃப்யூஸை மட்டும் மாற்றுகிறவர் அடுத்த மாதமும் ஃப்யூஸ் மாற்றுவார்.

இப்போது உங்கள் ஆலையை நினைத்துப் பாருங்கள், ஐயா. அங்கே ஓர் உதவியாளர் வரிசையை நிறுத்தியிருந்தால் அவரை யாராவது பாராட்டியிருப்பார்களா? கயிறு தொங்கவிடுவது எளிது. இழுத்தவரைத் திட்டாமல் இருப்பதுதான் கடினம்.

கேள்வி: எல்லோரும் டொயோட்டாவைக் கோயிலாக்கி வைத்திருக்கிறீர்கள். அவர்களுடைய வண்டியில் பழுதே வந்ததில்லையா? ஏன் அதையெல்லாம் எழுதுவதில்லை?
– ஃப்ரேசர் டவுன் வாசகர்

பதில்: கோபம் நியாயமானது, எழுதுகிறேன். 2009, 2010 ஆண்டுகளில் ஆக்ஸிலரேட்டர் மிதி தரைவிரிப்பில் சிக்கிக்கொள்வது, மிதி திரும்பி வராமல் ஒட்டிக்கொள்வது ஆகிய குறைகளுக்காக லட்சக்கணக்கான வண்டிகளை உலகெங்கும் திரும்ப அழைத்தார்கள். சாகிச்சியின் கொள்ளுப்பேரனான அகியோ டொயோடா, 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்டார். குறையைப் பற்றி மக்களுக்கு முழு உண்மை சொல்லாததற்காக 2014-இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தியும் உண்டு. டீசல் எஞ்சின்களைச் செய்து தரும் குழும நிறுவனமான டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ், குதிரைத்திறன் சான்றிதழுக்கான சோதனையில் முறைகேடு செய்தது 2024 ஜனவரியில் வெளிவந்தது. அளவுகள் ஏற்ற இறக்கமில்லாமல் சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காக, விற்கும் வண்டியில் இருப்பதல்லாத மென்பொருளை வைத்துச் சோதித்திருந்தார்கள். இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் ஆகியவற்றை அனுப்புவதைப் பெங்களூரை அடுத்த பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையும் சில நாட்கள் நிறுத்தி வைத்து, பிப்ரவரியில் மறுபடி தொடங்கிற்று. அந்த டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் வேறு யாருமல்ல. 1926-இல் சாகிச்சியின் தறிகளைச் செய்யத் தொடங்கப்பட்ட அதே ஆலைதான். இழை அறுந்தால் நிற்கும் தறியைச் செய்த ஆலையில், அறுந்த இழையைப் பார்த்தும் ஒருவரும் நிறுத்தவில்லை. இதைவிடக் கடுமையாக அவர்களைப் பற்றி என்னால் எழுத முடியாது.

கேள்வி: பிடதி வழியாக மைசூர் போகும்போதெல்லாம் தட்டு இட்லிக் கடைகளைத் தாண்டியதும் அந்த ஆலை கண்ணில் படுகிறது. ஜப்பானியர்கள் இந்த ஊரை எப்படித் தேர்ந்தார்கள்?
– கெங்கேரி வாசகி

பதில்: இந்தியாவுக்கு அவர்கள் வந்தது அதுவே முதல்முறை அன்று, அம்மா. 1980-களில் டெல்லியை அடுத்த சூரஜ்பூரில் டி.சி.எம். நிறுவனத்துடன் கூட்டாகச் சிறு லாரிகள் செய்தார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை. பெங்களூருக்கு முதலில் வந்ததும் கார் அல்ல. கிர்லோஸ்கர் குழுமத்துடன் சேர்ந்து 1995-இல் இங்கே தொடங்கியது நூற்பு இயந்திர நிறுவனம். அந்த நட்பின்மீது கட்டப்பட்டதுதான் 1997 அக்டோபரில் உருவான டொயோட்டா கிர்லோஸ்கர் மோட்டார். அந்தக் கூட்டை நெடுங்காலம் தாங்கி நின்ற விக்ரம் கிர்லோஸ்கர் 2022 நவம்பரில் பெங்களூரில் காலமானார். ஜப்பானில் தறியிலிருந்து காருக்குப் போன அதே வழியில் இங்கும் வந்தார்கள். அதுவும் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ராமநகரத்துக்குப் பக்கத்தில்.

2000-ஆவது ஆண்டின் தொடக்கத்தில் குவாலிஸ் வெளிவந்தது. அது இந்தோனேசியாவின் கிஜாங் என்ற வண்டியின் வழிவந்தது. 1977-இல் அந்நாட்டுக்காகச் செய்யப்பட்ட எளிய வண்டி அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கேளையாடு என்கிறோமே, அந்த மானின் பெயர்தான் கிஜாங். புதிய நூற்றாண்டுக்குப் பழைய ரொட்டிப் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் பத்துப் பேரும் மூட்டைகளும் ஏறிய பிறகும் அலுத்துக்கொள்ளாத வண்டியை நம் மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஐ.டி. நிறுவனங்களின் இரவுப் பணிக்காக ஓடிய குவாலிஸ்கள் அக்காலப் பெங்களூரின் முகமாகவே இருந்தன. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு, 2005 பிப்ரவரியில் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: என் கணவர் 2012-ஆம் ஆண்டு இன்னோவாவை வாடகைக்கு ஓட்டுகிறார். நான்கு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கிரிஸ்டாவா, ஹைகிராஸா, அல்லது இதையே வைத்துக்கொள்வதா என்று வீட்டில் தினமும் பேச்சு. உங்கள் கருத்து என்ன?
– வில்சன் கார்டன் வாசகி

பதில்: உங்கள் கணவரிடம் இருப்பது 2494 சி.சி., 102 குதிரைத்திறன் கொண்ட டி-4டி டீசல் எஞ்சின். ஏணிபோன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றி, பின்சக்கரங்களால் தள்ளப்படும் வண்டி. இந்த வண்டியைப் பற்றி எனக்கு வந்த கடிதங்களில் ஓட்டுநர்களும் பின்னால் அமர்ந்து பயணம் செய்தவர்களும் எழுதியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், இரு தரப்பும் ஒரே வண்டியைத்தான் சொல்கிறார்களா என்று சந்தேகம் வரும். அமர்ந்தவர்கள், நடு வரிசையின் தனித்தனி இருக்கைகளையும், கூரையிலிருந்து கடைசி வரிசைவரை வரும் ஏசி காற்றையும், திருச்செந்தூர் போய்வந்த பிறகும் முதுகு வலிக்காததையும் சொல்கிறார்கள். ஓட்டுநர்கள், நகரத்துக்குள் கிளட்ச் மிதித்து முழங்கால் போவதையும், ஹெட்லைட் வெளிச்சம் போதாததையும், வளைவில் வண்டி சாய்வதையும், ஊருக்குள் மைலேஜ் பத்தைத் தொட மல்லுக்கட்டுவதையும் சொல்கிறார்கள். ஆனால் 'வழியில் விட்டுவிட்டது' என்று எழுதியவர் மிகக் குறைவு. வாடகைக்கு ஓட்டுபவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அது பெரிது. நின்ற வண்டிக்கும் தவணை உண்டு, வண்டி நின்ற நாளில் வாடகை கிடையாது.

2016-இல் வந்த கிரிஸ்டாவின் 2.4 டீசல் 150 குதிரைத்திறன் கொண்டது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி வைத்த எஞ்சின். ஹைகிராஸ் பெயரில் மட்டுமே இன்னோவா. இரும்புச் சட்டம் இல்லை, முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி, டீசலே கிடையாது. ஊருக்குள் ஓட்டம் அதிகம் என்றால், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைகிராஸ் ஹைப்ரிட். சபரிமலை, திருப்பதி, ஊட்டி என்று ஆட்களும் கூரைமேல் மூட்டைகளுமாகப் போவதே தொழில் என்றால் கிரிஸ்டா. ஆனால் என்னைக் கேட்டால், வீட்டில் வேறு கடன் இருக்கும் பட்சத்தில் இந்த ஆண்டு எதையும் வாங்க வேண்டாம். இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் மூன்றையும் நல்ல பட்டறையில் காட்டி, ஆகும் செலவைப் புதிய வண்டியின் ஓராண்டுத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழுதுச் செலவு குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: தினமும் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி போகிறேன். ஹைப்ரிட் வாங்கினால் பேட்டரி போய்விடும், பெரும் செலவு என்று பயமுறுத்துகிறார்கள். சரியா?
– பி.டி.எம். லேஅவுட் வாசகர்

பதில்: சில்க் போர்டு நெரிசலுக்கென்றே செய்ததுபோல் இருப்பது ஹைப்ரிட் வண்டிதான். 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் வெளிவந்ததிலிருந்து டொயோட்டா இந்த ஒரு நுட்பத்தைத் தொடர்ந்து செதுக்கிவருகிறது. பெட்ரோல் எஞ்சினும் இரண்டு மின் மோட்டார்களும் ஒன்றைச் சுற்றி மற்றவை சுழலும் பல்சக்கரத் தொகுதி ஒன்றில் பிணைந்திருக்கும். நெரிசலில் ஊரும்போது எஞ்சின் அணைந்து மோட்டார் இழுக்கும். பிரேக் மிதிக்கும்போது வீணாகும் வேகம் மின்சாரமாகிப் பேட்டரிக்குத் திரும்பும். ஆகவே நின்று நின்று போகும் சாலையில்தான் இதற்கு ஆதாயம். சோதனை அளவின்படி ஹைரைடர் ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டரும், ஹைகிராஸ் ஹைப்ரிட் 23.24 கிலோமீட்டரும் தரும். உண்மைச் சாலையில் இதைவிடக் குறையும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் சேலம்வரை ஓட்டினால் இந்த ஆதாயம் பெருமளவு சுருங்கிவிடும்.

ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது சிறிதுதான். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, வண்டியின் உட்புறத்திலிருந்தே இழுக்கப்படுகிறது. காற்று உள்ளே போகும் அந்தத் துவாரத்தைப் பையோ துணியோ வைத்து அடைக்காதீர்கள், சர்வீஸின்போது அதன் வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நம் ஊர்த் தூசிக்கு இது அவசியம்.

கேள்வி: கிளான்ஸா உண்மையிலேயே டொயோட்டாதானா?
– கம்மனஹள்ளி வாசகர்

பதில்: அது சுசுகி செய்யும் பலேனோதான், முன்முகமும் பெயரும் சின்னமும் உத்தரவாதமும் மாறியிருக்கின்றன. இரு நிறுவனங்களும் வண்டிகளைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டதன் விளைவாக 2019-இல் வந்தது. மறுபுறம், மாருதி விற்கும் கிராண்ட் விட்டாரா பிடதியில் ஹைரைடருடன் சேர்ந்தே உருவாயிற்று. காட்டன்பேட்டை வாசகருக்காக ஒன்றைச் சேர்க்கிறேன்: சுசுகியும் 1909-இல் ஹமமாட்சுவில் தறி செய்யத் தொடங்கிய நிறுவனமே. சாகிச்சி பிறந்த கொசாய் அதற்கு அடுத்த ஊர்.

கேள்வி: டெல்லியில் பதிவான இன்னோவா ஒன்று மிகவும் மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– ராமமூர்த்தி நகர் வாசகர்

பதில்: டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையால் அங்கே விலை இறங்கி, அவை தெற்கே வரத் தொடங்கின. விலையோடு கர்நாடக ஆயுள் வரியையும் மறுபதிவுச் செலவையும் கூட்டிய பிறகு மலிவா என்று பாருங்கள். டெல்லி ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். எல்லோ போர்டில் ஓடி வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியா என்று பதிவேட்டில் தெரியும். மீட்டர் காட்டும் தூரத்தை நம்பாமல், சர்வீஸ் பதிவில் உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் தேய்ந்து வழவழத்திருக்க, மீட்டர் மட்டும் எண்பதாயிரம் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: தந்தையார் 2003-இல் வாங்கிய குவாலிஸ் வீட்டில் நிற்கிறது. அவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. ஆர்.சி. காலாவதியாகப் போகிறது. விற்க மனம் வரவில்லை. வைத்துக்கொள்வது முட்டாள்தனம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– ஹலசூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். நானும் ஒரு பழைய குவாலிஸைப் பதினோரு ஆண்டுகள் வைத்திருந்தவன் என்பதால் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. டர்போ இல்லாத அந்த 2.4 லிட்டர் டீசல் எஞ்சினில் அவசரம் என்பதே கிடையாது. தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது மூன்றாவது கியரில் விட்டுவிட்டால், பிரேக்கைத் தொடாமலே ஒரு முனகலோடு தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கும். என் தாயார் அந்த முனகலைக் கேட்டுத்தான் தருமபுரி தாண்டிவிட்டோம் என்று கண் விழிப்பார்.

ஒருமுறை கிருஷ்ணகிரிக்கு அருகே எஞ்சின் சட்டென்று அணைந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வெறுமையாகச் சுற்றிற்று. வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஜே.சி. ரோடு பக்கத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். முன்மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, டைமிங் பெல்ட்டை வெளியே இழுத்து என் கையில் கொடுத்தார். முதுகெல்லாம் காய்ந்த ஏரி மண்போல வெடித்திருந்தது. ஓரிடத்தில் நான்கு பற்கள் அடியோடு உதிர்ந்து வழுக்கையாக இருந்தது. "இது மாத்துன பெல்ட்டே இல்லண்ணா, வண்டி பொறந்தப்ப போட்டது" என்றார். ஆனால் ஓராண்டுக்கு முன் வேறொரு பட்டறையில் பெல்ட் மாற்றியதாகப் பில் போட்டுப் பணம் வாங்கியிருந்தார்கள். அந்தப் பில் வண்டியின் கையுறைப் பெட்டியிலேயே இருந்தது. உள்ளே வால்வுகள் வளைந்துவிட்டதால், பெல்ட்டின் விலையைப்போல் பல மடங்கு செலவாயிற்று. வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே என் பதில் இது. வைத்துக்கொள்வது முட்டாள்தனம் அன்று. முதலில் வாரிசு முறையில் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு ஆர்.டி.ஓ.வில் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம்; இருபது ஆண்டு தாண்டிய வண்டிக்குக் கட்டணம் கூடுதல் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். உதிரிபாகங்கள் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜி நகரிலும் இன்னும் கிடைக்கின்றன. ஓராண்டாக நின்ற வண்டி என்பதால் சாவியைத் திருப்புவதற்கு முன் எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டீசல் ஃபில்டர் அனைத்தையும் மாற்றச் சொல்லுங்கள். நின்றே வெடித்துப்போயிருக்கும் டயர்களையும் பாருங்கள். எஃப்.சி.க்குப் போவதற்கு முன்னால் டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்து, கழற்றிய பழைய பெல்ட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.